இறைச்சிக்கும் முட்டைக்கும் உப்பு: முந்தைய இரவிலா, அடுப்பில் ஏற்றும் நேரத்திலா?

சனிக்கிழமை காலையில் சிங்கப்பூரின் தேக்கா சந்தையில் ஆட்டுத்தொடையும் ஒரு முழுக்கோழியும் வாங்கி, அவற்றை ஞாயிற்றுக்கிழமை மதியம் சமைப்பது எங்கள் வீட்டு வழக்கம். இடையில் கிடைக்கும் ஏறத்தாழ 24 மணி நேரத்தில் உப்பு எப்போது இறைச்சியைத் தொட வேண்டும் என்பதில் எங்கள் வீட்டிலேயே கருத்து வேறுபாடு உண்டு. உப்பை முன்கூட்டிப் போட்டால் சாறு முழுவதும் இறங்கி இறைச்சி சக்கையாகிவிடும் என்பது என் மாமியாரின் உறுதியான எண்ணம். முந்தைய இரவே உப்பிட்ட கோழிதான் உள்வரை ருசியாகவும் ஈரமாகவும் இருக்கிறது என்பது பல ஆண்டுகளாகச் சமைத்துப் பார்த்த என் அனுபவம். இருவரில் ஒருவர் கண்ணால் கண்டதைப் பொய் என்று தள்ளாமல் இந்தக் கேள்விக்கு விடை காண முடியும் என்று நம்புகிறேன். ஏனெனில் மாமியார் கண்டதும் உண்மை, நான் கண்டதும் உண்மை. இருவரும் பார்த்த நேரம்தான் வேறு.

உப்புத் தூவிய இறைச்சியைத் தட்டில் வைத்துக் கால் மணி நேரம் கழித்துப் பார்த்தால், அடியில் இளஞ்சிவப்பு நீர் தேங்கியிருக்கும். இதைக் கண்டு கவலைப்பட்டவர்களில் அறிவியல் உலகின் பெரும்புள்ளி ஒருவரும் இருந்தார். ஜெர்மானிய வேதியியலாளர் யூஸ்டஸ் ஃபான் லீபிக், 1847ஆம் ஆண்டில் உணவின் வேதியியலைப் பற்றி எழுதியபோது, உலர் உப்பிட்ட இறைச்சியிலிருந்து வடியும் உப்புநீரைச் சோதித்து, அடர்ந்த இறைச்சிச் சாற்றின் முக்கியக் கூறுகள் அதில் இருப்பதாகக் கூறினார். இறைச்சியின் சத்து நீரில் கரையக்கூடிய அந்தச் சாற்றில்தான் அடங்கியுள்ளது என்பது அவருடைய கருத்து. எனவே சாறு வெளியேறினால் சத்தும் வெளியேறியது என்று அவர் கணக்கிட்டார். இறைச்சியின் மேற்பரப்பை முதலிலேயே கடுஞ்சூட்டில் இறுகச் செய்தால் சாறு உள்ளேயே அடைபட்டிருக்கும் என்று அவர் சொன்னதும் இதே எண்ணத்தின் தொடர்ச்சிதான். அவருடைய பெயரைத் தாங்கிய இறைச்சிச் சாறு நிறுவனம் 1865இல் தொடங்கப்பட்டு, உருகுவே நாட்டின் ஃப்ரே பென்டோஸ் நகரில் மாட்டிறைச்சியைக் காய்ச்சி உலகெங்கும் அனுப்பியது. அவருடைய கருத்து ஐரோப்பியச் சமையலறைகளில் நூறு ஆண்டுகளுக்கும் மேலாக வேரூன்றி நின்றது.

சூட்டில் மேற்பரப்பை இறுக்கினால் சாறு அடைபடும் என்ற கருத்து தவறு என்பது 1930களில் அமெரிக்காவில் எளிய நிறுவைச் சோதனைகளாலேயே தெரிந்துவிட்டது. முதலில் கடுஞ்சூட்டில் வாட்டிய இறைச்சியும் வாட்டாத இறைச்சியும் ஏறத்தாழ ஒரே அளவு எடையை இழந்தன. வாட்டியது சில வேளைகளில் கூடுதலாகவே இழந்தது. ஆயினும் அந்த நம்பிக்கை இன்றும் ஒழியவில்லை. இயற்பியலாளர் நிக்கோலஸ் குர்ட்டி, 1969இல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் சமையலறையைப் பற்றியே ஓர் உரை நிகழ்த்தி, வெள்ளிக் கோளின் வளிமண்டல வெப்பத்தைப் பற்றி அறிந்த அளவுக்குக்கூட நம் தட்டில் உள்ள உணவின் உட்புறத்தைப் பற்றி நாம் அறியவில்லை என்ற பொருளில் வருந்தினார். அந்த வருத்தம் நியாயமானது என்றே நினைக்கிறேன். சமையலறையில் தராசையும் கடிகாரத்தையும் வைத்துக்கொண்டு பொறுமையாகப் பார்த்தவர்கள் மிகக் குறைவு.

உப்பின் கதையிலும் கடிகாரத்தைச் சற்று முன்னதாகவே நிறுத்திவிட்டதுதான் குழப்பத்துக்குக் காரணம். உப்பு மேற்பரப்பில் விழுந்ததும், உள்ளே உள்ள நீர் உப்பு மிகுந்த வெளிப்பக்கத்தை நோக்கி நகர்கிறது. இதுவே ஊடுபரவல். முதல் சில நிமிடங்களில் தொடங்கும் இந்த வடிதலைத்தான் நாம் தட்டில் காண்கிறோம். ஆனால் வெளியே வந்த நீர் மேலுள்ள உப்பைக் கரைத்து ஓர் அடர்ந்த உப்புநீராக மாறுகிறது. அந்த உப்பு பின்னர் மெல்ல மெல்லத் தசைக்குள் இறங்குகிறது. இறங்கிய உப்பு தசைநார்களின் அமைப்பையே மாற்றிவிடுகிறது. ஜெர்மனியின் ரைனர் ஹாம் இறைச்சி நீரைப் பிடித்துவைக்கும் திறனைப் பற்றி விரிவாக ஆராய்ந்தவர். 1983இல் இங்கிலாந்தைச் சேர்ந்த ஆஃபர், டிரினிக் ஆகிய இருவரும் தசையின் நுண்ணிழைகளை நுண்ணோக்கியின் கீழ் வைத்து உப்புக் கரைசலைச் செலுத்தியபோது, அவை வெளிப்படையாகப் பருத்து வீங்குவதைக் கண்டார்கள். குளோரைடு அயனிகள் புரத இழைகளில் ஒட்டிக்கொள்வதால் இழைகள் ஒன்றையொன்று தள்ளி விலகுகின்றன என்பதும், மயோசின் என்னும் புரதத்தின் ஒரு பகுதி கரைந்து பிணைப்பைத் தளர்த்துகிறது என்பதும் இதற்குத் தரப்படும் விளக்கம். விலகிய இடைவெளிக்குள் நீர் தங்குகிறது. அடுப்பில் வேகும்போது இழைகள் சுருங்கி நீரைப் பிழிந்து வெளியேற்றும் வேகமும் அதனால் குறைகிறது.

ஆகவே தட்டில் தேங்கிய நீரைக் கொட்டிவிடாமல் காத்திருந்தால், அதில் பெரும்பகுதி மீண்டும் இறைச்சிக்குள் திரும்பிவிடும். எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பதைத் துண்டின் கனமே முடிவு செய்கிறது. பரவலின் விதியை 1855இல் அடால்ஃப் ஃபிக் வகுத்துக் கொடுத்தார். அதன்படி தூரம் இருமடங்கானால் நேரம் நான்கு மடங்காகிறது. விரல் கனமுள்ள துண்டுக்கு ஒரு மணி நேரம் போதுமென்றால், இரு விரல் கனத்துக்கு இரண்டு மணி நேரம் போதாது, நான்கு மணி நேரம் வேண்டும். முழுக்கோழியின் நெஞ்சுப்பகுதிக்கும் ஆட்டுத்தொடைக்கும் ஓர் இரவு தேவைப்படுவதன் காரணம் இதுவே.

இனி நம் முன்னுள்ள நான்கு வழிகளை ஒப்பிடலாம். அடுப்பில் ஏற்றும் நொடியில் உப்பிடுவது முதல் வழி. இதில் நீர் வெளியே வர நேரமே இல்லாததால் மேற்பரப்பு உலர்ந்திருக்கும், நன்றாகச் சிவக்கும். உப்பு வெளிப்புறத்தோடு நின்றுவிடும் என்பது குறை. மெல்லிய துண்டுகளுக்கு இது ஒரு குறையே அல்ல. ஒவ்வொரு வாயிலும் மேற்பரப்பு போதிய அளவு கிடைத்துவிடுகிறது. அவசரமாகச் சமைக்கும் வார நாள் இரவுகளில் நான் இதைத்தான் செய்கிறேன்.

பத்து நிமிடத்திலிருந்து அரை மணி நேரத்துக்கு முன் உப்பிடுவது இரண்டாவது வழி. நம்மில் பெரும்பாலோர் பழக்கத்தால் செய்வது இதுதான்: உப்பும் மஞ்சளும் பிசறி வைத்துவிட்டு வெங்காயம் நறுக்கப் போகிறோம். வறுவலுக்கும் வாட்டலுக்கும் நான்கிலும் மோசமான வழி இதுவே என்பது என் தீர்ப்பு. நீர் முழுவதும் வெளியே வந்து நிற்கும் நேரம் அது; உள்ளே திரும்பத் தொடங்கியிருக்காது. அந்த ஈரம் ஆவியாகித் தீரும்வரை மேற்பரப்பின் வெப்பம் 100 பாகையைத் தாண்டாது. இறைச்சி சிவந்து மணக்கும் வினையோ ஏறத்தாழ 140 பாகைக்கு மேல்தான் விரைவுபடுகிறது. அந்த வினைக்கு, அதை 1912இல் விளக்கிய பிரெஞ்சு அறிஞர் மய்யாரின் பெயரே வழங்குகிறது. எனவே வாணலியில் போட்ட இறைச்சி வறுபடாமல் தன் நீரிலேயே வேகிறது. மாமியாரின் அச்சம் முழுமையாகப் பொருந்துவது இந்த ஒரு வழிக்குத்தான். யூதர்களின் சமயமுறைப்படி இறைச்சியை அரை மணி நேரம் நீரில் ஊறவைத்து, ஒரு மணி நேரம் உப்பில் வைத்து, பிறகு கழுவிவிடுவார்கள். அங்கே குருதியை வெளியே இழுப்பதே நோக்கம் என்பதால் கழுவுவதும் முறையாகிறது. நாம் இறைச்சியை ஈரமாக வைத்திருக்க விரும்புகிறோம். ஆகவே உப்பிட்டபின் கழுவுவது நம் நோக்கத்துக்கு நேர்மாறானது.

உலர் உப்பைத் தடவி ஓர் இரவு குளிர்பதனப் பெட்டியில் மூடாமல் வைப்பது மூன்றாவது வழி. சான் ஃபிரான்சிஸ்கோவின் சூனி உணவகத்தில் தலைமைச் சமையற்கலைஞராக இருந்த ஜூடி ராட்ஜர்ஸ், கோழியை ஒன்று முதல் மூன்று நாள்களுக்கு முன்பே உப்பிட்டு வைத்து வாட்டும் முறையால் புகழ்பெற்றார். முன்கூட்டி உப்பிடுவது இறைச்சியைக் கெடுக்கும் என்று மேலைச் சமையல் பள்ளிகள் கற்பித்துவந்த காலத்தில் அவர் அதை விடாமல் செய்து காட்டினார். இந்த வழியில் உப்பு உள்வரை இறங்குகிறது, நீர் திரும்புகிறது, தோல் உலர்ந்து மொறுமொறுப்பாக வாட்டுவதற்கு ஏற்றதாகிறது. இவை மூன்றும் ஒருசேரக் கிடைப்பது இந்த வழியில் மட்டுமே. முன்யோசனை வேண்டும் என்பதும், பெட்டியில் இடம் வேண்டும் என்பதும், இறைச்சிக்குக் கீழே வேறு உணவு எதுவும் இல்லாதபடி அடித்தட்டில் வைக்க வேண்டும் என்பதும் இதன் சுமைகள்.

நான்காவது வழி, லிட்டருக்கு 50 முதல் 60 கிராம் உப்புக் கலந்த நீரில் ஊறவைப்பது. கொழுப்பற்ற நெஞ்சுக்கறி இதில் குறிப்பிடத்தக்க அளவு எடை கூடி, வெந்தபின்னும் ஈரமாக இருக்கும். ஆனால் அந்தக் கூடுதல் எடையில் பெரும்பகுதி குழாய்த்தண்ணீர்தான். கறியின் சுவை அதனால் நீர்த்துப்போகிறது. தோல் நனைந்து கிடக்கிறது. ஒரு முழுக்கோழியை மூழ்கவைக்கும் பானைக்கு நம் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் ஒரு தட்டையே ஒழிக்க வேண்டும். நெஞ்சுக்கறித் துண்டுகளை அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஊறவைப்பதைத் தவிர, மற்றவற்றுக்கு இந்த வழியை நான் விரும்புவதில்லை.

குளிர்பதனப் பெட்டி என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. குளிர்நாட்டுச் சமையல் குறிப்புகளில், உப்பிட்ட இறைச்சியை ஒரு மணி நேரம் மேசையிலேயே வைத்து அறை வெப்பத்துக்குக் கொண்டுவரச் சொல்வார்கள். நம் சமையலறையின் அறை வெப்பம் பகலில் 30 பாகையைத் தொடுகிறது. கிருமிகள் விரைந்து பெருகும் வெப்பம் 5 முதல் 60 பாகை வரை என்று சிங்கப்பூர் உணவு அமைப்பு எச்சரிக்கிறது; நம் மேசை அதன் நட்டநடுவில் இருக்கிறது. நூற்றுக்கு ஒரு பங்கு உப்பு சுவைக்கும் ஈரத்துக்கும் போதும், இறைச்சியைக் கெடாமல் காக்கப் போதாது. உப்புக்கண்டம் போடும்போது கொட்டும் உப்பின் அளவு வேறு, அதைக் காக்கும் வெயில் வேறு. எனவே இங்கே முன்கூட்டி உப்பிடுதல் என்றாலே பெட்டிக்குள் உப்பிடுதல் என்றுதான் பொருள்கொள்ள வேண்டும்.

உறைந்த இறைச்சியைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். 2022 ஜூன் 1ஆம் தேதி மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்தியபோது, அதுவரை நம் கோழியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அங்கிருந்து வந்துகொண்டிருந்ததால், அன்று வெட்டிய கோழியையே வாங்கிப் பழகிய பல குடும்பங்கள் முதன்முறையாக உறைந்த கோழியைக் கையில் எடுத்தன. உறையும்போது உருவாகும் பனிப்படிகங்கள் தசையைக் குத்திக் கிழிப்பதால், உறைவு நீங்கும்போது நீர் வடிகிறது. வெந்தபின் அக்கோழி வறண்டிருப்பதாகப் பலர் குறைப்பட்டார்கள். உறைவு நீங்கியபின் ஓர் இரவு உப்பில் வைப்பதால் மிகுந்த பயன் பெறுவது இந்தக் கோழிதான். உறையின் மேல் உப்பும் நீரும் சேர்க்கப்பட்டதாக அச்சிட்டிருந்தால் மட்டும் மீண்டும் உப்பிட வேண்டாம். அந்த வேலை ஆலையிலேயே முடிந்திருக்கும்.

எந்தச் சமையலுக்கு எந்த வழி என்பதில் நான் எல்லாவற்றுக்கும் ஒரே விடை சொல்ல மாட்டேன். ஆட்டுக்கறிக் குழம்புக்கு முந்தைய இரவு உப்பிடுவது தேவையற்ற உழைப்பு. ஒன்றரை மணி நேரம் உப்புள்ள குழம்பில் கொதிக்கும் கறிக்கு அங்கேயே உப்பு இறங்கிவிடுகிறது. மேலும், முற்றிய ஆட்டின் கடினத்துக்குக் காரணம் கொலாஜன் என்னும் இணைப்புத்திசு. அதைக் கரைப்பது வெப்பமும் நேரமுமே. உப்பு அதை அசைக்காது. முன்கூட்டி உப்பிட்டால் கறி பஞ்சாகிவிடும் என்று எதிர்பார்ப்பவர் ஏமாற்றமடைவார். வறுவலுக்கும் வாட்டலுக்கும் முந்தைய இரவே சிறந்தது.

பிரியாணிதான் சிக்கலானது. தயிர், எலுமிச்சை, உப்பு, மசாலா எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பிசறுவது நம் வழக்கம். ஆனால் இறைச்சி மிகக் குறைவாக நீரைப் பிடித்துவைப்பது அதன் அமிலத்தன்மை பி.எச். 5 அளவில் இருக்கும்போது என்று ஹாமின் ஆய்வு காட்டியது. சாதாரண இறைச்சி பி.எச். 5.5 அளவில் இருப்பதால், புளித்த தயிர் அதன் மேற்பகுதியை அந்த மோசமான புள்ளியை நோக்கித்தான் தள்ளுகிறது. ஆகவே நான் முந்தைய இரவு உப்பை மட்டும் பிசறி வைத்து, காலையில் தயிரையும் மசாலாவையும் சேர்க்கிறேன். மசாலாவின் பெரும்பகுதி எவ்வளவு நேரம் ஊறினாலும் மேற்பரப்பிலேயே நின்றுவிடும் என்பதால், அதைத் தாமதமாகச் சேர்ப்பதில் இழப்பு ஏதுமில்லை.

கொத்துக்கறியில் உப்பின் நேரம் பக்குவத்தையே மாற்றிவிடும். கோலா உருண்டைக்கும் கபாபுக்கும் உப்பை முதலிலேயே சேர்த்து நன்றாகப் பிசைந்தால், கரைந்து வெளிவரும் மயோசின் பசையாகி உருண்டையைப் பிரியாமல் பிடிக்கிறது. முட்டையோ கூடுதல் பொட்டுக்கடலை மாவோ தேவைப்படுவதில்லை. அதே கறியைப் பொலபொலவென்று வறுக்க விரும்பினால், அது வாணலியில் உதிர்ந்தபின்தான் உப்பிட வேண்டும்.

அளவைப் பொறுத்தவரை, எலும்பில்லாக் கறியின் எடையில் நூற்றுக்கு ஒரு பங்கு, அதாவது கிலோவுக்கு 10 கிராம் என்பதே என் கணக்கு. ஒரு தேக்கரண்டி தூள் உப்பு ஏறத்தாழ 6 கிராம் இருக்கும். கல் உப்பானால் பருக்கையின் அளவைப் பொறுத்து எடை மாறும் என்பதால் தராசே நம்பகமானது. 2022ஆம் ஆண்டின் தேசிய ஊட்டச்சத்து ஆய்வின்படி சிங்கப்பூரர்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 3,620 மில்லிகிராம் சோடியம் உட்கொள்கிறார்கள். பரிந்துரைக்கப்பட்ட அளவு 2,000 மில்லிகிராம். முன்கூட்டி நிறுத்துப் போடும் உப்பு சீராகப் பரவிவிடுவதால், வெந்தபின் மேலே தூவும் பழக்கம் எங்கள் வீட்டில் தானாகவே நின்றுவிட்டது. எனக்கு இந்த முறை பிடித்துப்போனதற்கு ருசிக்கு அடுத்த காரணம் இது.

முட்டைக்கு வரும்போது அதே பழைய அச்சம் வேறு வடிவில் நிற்கிறது: அடித்த முட்டையில் முன்கூட்டி உப்பிட்டால் அது நீர்த்துக் கெட்டியாகாது என்பார்கள். அடித்த முட்டை உப்பிட்டுக் கால் மணி நேரம் ஆனதும் கண்ணுக்கு நீர்த்துத்தான் தெரியும். நிறமும் அடர்ந்து, ஒளி ஊடுருவுவதுபோல் ஆகிவிடும். மஞ்சட்கருவில் உள்ள நுண்மணிகளை உப்பு கலைத்துவிடுவதே அந்த நிறமாற்றத்துக்குக் காரணம். ஆனால் அதை வாணலியில் ஊற்றிப் பாருங்கள். உப்பு புரதங்களின் மின்னூட்டத்தை மறைப்பதால் அவை சற்று முன்னதாகவே ஒன்றோடொன்று கூடத் தொடங்குகின்றன; ஆனால் ஒன்றையொன்று இறுகப் பிழியும் அளவுக்கு நெருங்குவதில்லை. உப்பு கடைசியில் விழுந்த முட்டைப் பொடிமாசில், தட்டில் வைத்த சிறிது நேரத்திலேயே ஓரத்தில் நீர் கசியும். கால் மணி நேரம் முன் உப்பிட்டது மென்மையாகவும் கசியாமலும் இருக்கும். உடனே உப்பிடுவது இரண்டுக்கும் இடைப்பட்டது. இறைச்சிக்கு ஓர் இரவு தேவைப்பட்ட வேலை, தடுப்புச் சுவர் ஏதுமில்லாத அடித்த முட்டையில் கால் மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது.

இந்த ஒப்பீட்டில் ஒரு விலக்கு உண்டு. முட்டையோடு நறுக்கிய வெங்காயத்தையும் சேர்த்து உப்பிட்டு வைத்தால், உப்பு வெங்காயத்திலிருந்து நீரை இழுத்து முட்டையில் சேர்த்துவிடும். முர்தபாவுக்கோ வெங்காய ஆம்லெட்டுக்கோ முட்டையை மட்டும் முன்கூட்டி உப்பிட்டு, வெங்காயத்தைக் கல்லில் ஊற்றும் நேரத்தில் கலப்பதே சரி. முன்கூட்டி உப்பிட்ட முட்டை தண்ணீராகிவிடும் என்ற நம்பிக்கையில் ஒரு பகுதி இந்த வெங்காயத்தால் வந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. உடைத்து ஊற்றிய முழு முட்டைக்கு உப்பைக் கடைசியில், வெள்ளையின் மேல் மட்டும் தூவுவது நல்லது. வேகும்போது மஞ்சட்கருவின் மேல் விழும் பருக்கைகள் அங்கங்கே வெண்புள்ளிகளை ஏற்படுத்தும்.

ஓட்டோடு உப்பில் மூழ்கும் வாத்து முட்டை எல்லாவற்றையும்விட நெடிய காத்திருப்பைக் கேட்பது. உப்புநீரிலோ உப்புக் கலந்த சாம்பல் மண்ணிலோ ஏறத்தாழ ஒரு மாதம் கிடந்தபின், அதன் மஞ்சட்கரு பெருமளவு நீரை இழந்து செம்மஞ்சளாக இறுகி, எண்ணெய் கசியும் மணல் போன்ற பதத்தை அடைகிறது. வெள்ளைக்கரு வாயில் வைக்க முடியாத அளவு கரிக்கிறது. அந்த மஞ்சட்கருவில் புரட்டிய கோழி இன்று நம் உணவங்காடி நிலையங்களிலும் வீடுகளிலும் பழகிப்போன உணவாகிவிட்டது. வீட்டில் அதைச் செய்யும்போது மட்டும் கோழிக்கு முந்தைய இரவு போடும் உப்பைக் கிலோவுக்கு 5 கிராமாகப் பாதியாக்கிவிடுகிறேன். மீதிப் பாதியை முட்டை ஒரு மாதமாகச் சேர்த்து வைத்திருக்கிறது.